சகாராவில் கிடைத்த போர் விமானம்

இரண்டாம் உலகப் போரில் காணாமல்போன பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் வளம் தேடும் பணிக்காகச் சென்றிருந்த போலந்து நாட்டவர் ஒருவரின் கண்ணில்தான் அது முதலில் பட்டது. அமெரிக்காவின் கர்ட்டிஸ் நிறுவனம் தயாரித்த பி-40 கிட்டிஹாக் ரக விமானம் அது.

1942 ஜூன் 28 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையின் 260-ஆவது பிரிவைச் சேர்ந்த 24 வயது விமானி டென்னிஸ் காப்பிங், பழுதடைந்த இந்த விமானத்தைச் செப்பனிடுவதற்காக மற்றொரு தளத்துக்கு ஓட்டிச் சென்றார். வழியில் திசை தவறிய விமானம், ஆளரவமற்ற மணல்வெளியில் தரையில் மோதி நின்றது.

மழையே அரிதான பாலைவனத்தின் வறண்ட காற்றில் இரும்பும் அலுமினியமும் எளிதில் அரிக்கப்படுவதில்லை. அதனால் விமானி அறையின் கருவிகளும் இறக்கைத் துப்பாக்கிகளும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. விமானத்தின் அருகே பாராசூட் துணி கிடந்தது. வானொலிக் கருவியும் பேட்டரியும் வெளியே எடுக்கப்பட்டிருந்தன. மோதலில் உயிர்தப்பிய காப்பிங், பாராசூட்டை நிழலுக்குப் பயன்படுத்தி, வானொலி வழியே உதவி கேட்க முயன்றிருக்கலாம் என்று இவை காட்டுகின்றன. ஆனால் அவரது உடல் கிடைக்கவில்லை.

விமானம் பின்னர் எல் அலமெய்ன் போர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது.