அவசியமாக்கியது எது?

ஆங்கிலத்தில் 'நெசஸிட்டேட்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒன்றை இன்றியமையாததாக்குதல் என்பது அதன் பொருள். தவிர்க்க இயலாதது எனப் பொருள்படும் 'நெகெஸ்ஸே' என்னும் லத்தீன் சொல்லே இதன் வேர். அலுவலகக் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் அடிக்கடி தலைகாட்டும் இச்சொல்லை நான் முதன்முதலில் கண்டது, என் தந்தையாருக்கு வந்த ஒரு கடிதத்தில்.

அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். தந்தையார் ஒரு நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தார். "தம்பி, இதைப் படித்துச் சொல்" என்று கடிதத்தை என்னிடம் நீட்டினார். வியாபார மந்தம் ஆட்குறைப்பை 'நெசஸிட்டேட்' செய்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. அகராதியைப் புரட்டிப் பொருள் சொன்னேன். "அது சரி, என்னை நீக்கியது யார்?" என்று கேட்டார். வாக்கியத்தை மும்முறை படித்தும் அதில் ஓர் ஆளை நான் காணவில்லை.

இச்சொல்லின் இயல்பே அதுதான். இதற்கு எழுவாயாகப் பெரும்பாலும் மனிதன் வருவதில்லை. மழை, நோய், பஞ்சம், பணமுடை போன்ற நிலைமையே வரும். அந்நிலைமையால் செய்ய நேர்ந்த செயல் செயப்படுபொருளாக நிற்கும். 'தி ஃப்ளட் நெசஸிட்டேட்டட் க்ளோஸிங் தி பிரிட்ஜ்' என்றால், வெள்ளத்தினால் பாலத்தை மூட வேண்டியதாயிற்று என்பது கருத்து.

மாணவர்கள் இங்கே இரண்டு பிழைகளைச் செய்வதுண்டு. 'எனக்கு விடுப்பு வேண்டும்' என்பதை 'ஐ நெசஸிட்டேட் லீவ்' என்று எழுதுவது ஒன்று. தமிழில் 'வேண்டும்' என்னும் ஒரே சொல் விருப்பம், தேவை, கட்டாயம் ஆகிய மூன்றையும் உணர்த்துவதால் விளையும் மயக்கம் இது. அங்கே 'நீட்' என்பதே பொருந்தும். 'இல்னெஸ் நெசஸிட்டேட்டட் மீ டு கோ' என்று எழுதுவது மற்றொன்று. ஆளையும் அவர் செய்ய நேர்ந்த செயலையும் சேர்த்துச் சொல்வதற்குக் 'கம்பெல்', 'ஃபோர்ஸ்' போன்ற சொற்கள் இருக்கின்றன. 17, 18ஆம் நூற்றாண்டு நூல்களில் 'ஐ வாஸ் நெசஸிட்டேட்டட் டு கோ' என்பது போன்ற வாக்கியங்களைக் காணலாம். இன்று அவ்வாறு எழுதுவார் இல்லை.

பிழையின்றி எழுதப் பழகிய பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வெள்ளம் பெருகிப் பாலத்தின்மேல் ஓடும்போது அதை மூடுவதன்றி வேறு வழியில்லை. அங்கே இச்சொல் மெய்யே பேசுகிறது. வியாபார மந்தம் அத்தகையதா? இலாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், பிற செலவுகளைச் சுருக்கலாம், ஆட்களை நீக்கலாம். இவற்றுள் ஒன்றை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தார். அவரை மறைத்துவிட்டு மந்தத்தை எழுவாயாக நிறுத்தியது அக்கடிதம். மில்ட்டன் 1667இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தில், சாத்தானும் தன் தீச்செயலுக்குத் தேவையையே சாக்காகச் சொல்கிறான். நம் தமிழிலும் 'நீக்க வேண்டியதாயிற்று' என்று எழுதி, நீக்கியவரை எளிதில் மறைத்துவிடலாம்.

ஆதலால், இச்சொல்லை எழுதுமுன் வேறு வழி இருந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில் தயங்காது எழுதுங்கள். இருந்ததெனில், முடிவு செய்தவரை எழுவாயாக வைத்து எழுதுங்கள். என் தந்தையார் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. நீங்கள் எழுதும் கடிதத்தைப் படிப்பவருக்கேனும் அக்கேள்வி எழாதிருக்கட்டும்.