பெறுபவரின் உரிமை: அளிப்புரிமையும் இயங்குதளங்களும்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரிலிருந்து பேசுகிறேன். இலக்கிய அரங்கில் ஒரு செவிலி மென்பொருள் உரிமத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். எழுதியவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உரிமை நமக்கும் உரிய பேச்சுதானே.

பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு அது மக்களுக்குப் பொதுவானது. இன்று யாரும் பாரதியை அச்சிடலாம். தாம் எழுதிச் சேர்த்த உரைக்குத் தனிக் காப்புரிமையும் கோரலாம். மென்பொருளில் பிஎஸ்டி, எம்ஐடி உரிமங்கள் ஏறக்குறைய இப்படித்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் வேறு வகை. எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் வாங்குபவருக்கு மாற்றிய மூலநிரலையும் அதே உரிமையையும் கொடுத்தாக வேண்டும். இதுவே அளிப்புரிமை.

இது வெறும் வேண்டுகோள் அல்ல. ஹரால்ட் வெல்டே தொடுத்த வழக்கில், ஜிபிஎல் நிபந்தனையை மீறிய சைட்காம் நிறுவனத்துக்கு மியூனிக் நீதிமன்றம் 2004இல் தடை விதித்தது.

2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. வீட்டுக் கருவிகளை விற்பவர், மாற்றிய நிரலை அவற்றில் நிறுவும் வழியையும் தர வேண்டும் என்றது. அதன்பின் சிலர் விலகத் தொடங்கினர். ஆப்பிள், பழைய உரிமத்தில் இருந்த பாஷ் 3.2 பதிப்போடு நின்றது. 2019இல் இசட்ஷெல்லை முதன்மையாக்கியது. ஃப்ரீபிஎஸ்டி 2014இல் ஜிசிசிக்குப் பதிலாகக் கிளாங் தொகுப்பியை முதன்மையாக்கி, 2020இல் ஜிசிசியை அடியோடு நீக்கியது.

இது திருட்டல்ல, சட்டமீறலும் அல்ல. ஃப்ரீபிஎஸ்டியின் நிரல் இன்றும் திறந்தே இருக்கிறது. ஆனால் அதை எடுத்து ஒரு கருவிக்குள் பூட்டி விற்பவரிடம், வாங்கியவர் நிரலைக் கேட்க உரிமை இல்லை. சுதந்திரம் முதலில் எடுத்தவரோடு நின்றுவிடுகிறது.

கேட்க உரிமையில்லாத நிலை எப்படிப்பட்டது? அமெரிக்க வழக்கறிஞர் கேரன் சாண்ட்லர், தம் உடலில் பொருத்தப்படும் இதயக் கருவியின் நிரலைக் கேட்டார். தயாரிப்பாளர்கள் தரவில்லை.

மருந்தின் பெயரையும் அளவையும் சரிபார்க்காமல் நாங்கள் ஏற்றுவதில்லை. அதைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நம்பிவிடுகிறோம். எனக்கு நிரல் படிக்கத் தெரியாது. என் நோயாளிக்காகப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைக் கேட்டுப் பெற முடிய வேண்டும். உரிமத்தின் பெயரைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.