மோட்டார் வண்டி கூறும் சாட்சி

மாட்டு வண்டியிற் பிரயாணஞ் செய்த நம் முன்னோர்க்கு ஒரு கவலை இருந்ததில்லை. வண்டி மாடு தான் பழகிய வழிகளையெல்லாம் நன்கறியும்; வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் வீடு வந்து சேரும். ஆயின், தான் அறிந்ததனை அது ஒருவர்க்கும் உரைப்பதில்லை. இக்காலத்து மோட்டார் வண்டியோ அங்ஙனமன்று. தன் எஜமானன் சென்ற வழியையும், சென்ற வேகத்தையும், தங்கிய இடத்தையும் அது அறிவதோடு, அறிந்தவற்றைத் தொலைவிலுள்ள கணிப்பொறிகளுக்கு அனுப்பவும் வல்லதாயிருக்கின்றது. அது யாது அறிகின்றது, யார்க்கு உரைக்கின்றது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பனவற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண், வண்டி அறியும் வகையைக் காண்போம். அதன் உறுப்புக்கள் பலவற்றில் உணர்கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. சக்கரந்தோறும் உள்ள கருவி அது சுழலும் வேகத்தைக் கணிக்கின்றது. பிரேக்கைத் திடீரென அழுத்துங்கால் சக்கரம் இறுகி நின்று வழுக்காதபடி காப்பது இதன் துணையாலேயாம். ஆசனத்தின் கீழுள்ள கருவி ஒருவர் அமர்ந்திருப்பதையும், இடுப்புவாரின் பூட்டிலுள்ள கருவி அவர் அதனை மாட்டியிருப்பதையும் தெரிவிக்கின்றன. மோதலின் அதிர்ச்சியை உணரும் கருவி, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் காற்றுப்பையை விரியச் செய்து உயிரைக் காக்கின்றது. இவையன்றிப் பல வண்டிகளிற் காமிராக்களும், ஒலிவாங்கிகளும், செயற்கைக்கோள்களின் உதவியால் வண்டி நிற்குமிடத்தைக் கணிக்கும் கருவியும் உள.

இக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுதற்கு வண்டியினுள்ளே தந்தி மார்க்கம் போன்றதொன்று உண்டு. ஜெர்மனி தேசத்துப் பாஷ் கம்பெனியார் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கான்' என்னும் முறை இவற்றுட் பெரிதும் வழங்குவது. முறுக்கிய இரு கம்பிகளின் வழியே ஓர் உறுப்பின் செய்தி மற்றையுறுப்புக்களுக்கெல்லாம் எட்டுகின்றது. இச்செய்தி வண்டியினுள்ளேயே நிற்குமளவும் எவர்க்கும் தீங்கில்லை. கைப்பேசியில் உள்ளது போன்ற ஒரு வானொலிக் கருவியை இம்மார்க்கத்தோடு இணைத்தவுடனேதான் வண்டியின் உட்பேச்சு ஊர்ப்பேச்சாவதற்கு வழி பிறந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 'ஆன்ஸ்டார்' என்னும் இத்தகைய சேவையை 1996-ஆம் ஆண்டிலேயே தொடங்கினர்.

நிற்க. வண்டி கூறும் சாட்சியை நாம் மூவகைப்படுத்திக் காணலாம்.

முதலாவது, வாய்திறவாச் சாட்சி. மோதல் நேர்ந்தால் அதற்கு முந்திய சில வினாடிகளில் வேகம் எவ்வளவு, பிரேக் அழுத்தப்பட்டதா என்பன போன்ற விவரங்களை ஒரு சிறு கருவி பதிந்து வைக்கின்றது. மோதல் நேராவிடின் பழைய குறிப்பின்மேற் புதிய குறிப்பு எழுதப்பட்டுப் பழையது அழிந்துபோம். இப்பதிவு வண்டியின் உடைமையாளர்க்கோ, அதனை ஒப்பந்தத்தின்பேரில் எடுத்தவர்க்கோ உரியதென அமெரிக்கச் சட்டம் 2015-ஆம் ஆண்டில் வரையறுத்தது.

இரண்டாவது, ஆபத்துக் காலத்தில் மட்டும் பேசுஞ் சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி முதல் புதிய வகைக் கார்களில் 'ஈகால்' என்னும் அமைப்பு கட்டாயமாயிற்று. கடும் மோதல் நேர்ந்தவுடன் அது தானே 112 என்னும் எண்ணை அழைத்து, வண்டி கிடக்குமிடத்தையும் நேரத்தையும் அறிவிக்கின்றது. ஓட்டுநர் நினைவிழந்து கிடப்பினும் உதவி வந்து சேரும். ஏனைய காலத்தில் அது உறங்கியே கிடக்கவேண்டும், வண்டியை இடையறாது பின்தொடர்தலாகாது என்பது அவ்விதியின் கருத்து.

மூன்றாவது, ஓயாது பிறரோடு பேசுஞ் சாட்சி. தீமை விளைவது இதனாலேயே. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை ஒருவரது அனுபவத்தை வெளியிட்டது. செவர்லே கார் வைத்திருந்த அவர் விபத்தொன்றிற்கும் காரணமாயிருந்ததில்லை. ஆயினும் அவரது இன்ஷூரன்ஸ் கட்டணம் நூற்றுக்கு 21 வீதம் உயர்ந்தது. காரணத்தை நாடிய அவர், தகவல் வியாபாரஞ் செய்யும் லெக்சிஸ்நெக்சிஸ் என்னும் கம்பெனியிடமிருந்து தம்மைப் பற்றிய அறிக்கையை வரவழைத்தார். அது 258 பக்கங்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் அவரும் அவர் மனைவியும் செய்த 640 பிரயாணங்களின் தொடக்கமும் முடிவும், சென்ற தூரமும், திடீரெனப் பிரேக் அழுத்திய தடவைகளும் அதன்கண் விளங்கின. இவ்விவரங்களை அளித்தவர் வண்டியைச் செய்த கம்பெனியாரே. இச்செய்தி வெளிவந்த அம்மாதத்திலேயே அவர்கள் இவ்வழக்கத்தை நிறுத்தினர். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம், மூன்று வினாடிக்கொரு முறைகூட இருப்பிட விவரம் திரட்டப்பட்டதென்றும், உரிமையாளரின் மெய்யான சம்மதம் பெறப்படவில்லையென்றும் அவர்கள்மீது குற்றஞ்சாட்டியது. இத்தகைய அறிக்கைக் கம்பெனிகளுக்கு அவ்விவரங்களை ஐந்தாண்டுக் காலம் அளித்தலாகாதென்னும் ஏற்பாட்டையும் வெளியிட்டது.

விற்பனை செய்யாது வைத்திருப்பினும் ஆபத்து நீங்கியதாகாது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' பத்திரிகையும், 'கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்' என்னும் சங்கத்தாரும் ஓர் உண்மையை வெளிப்படுத்தினர். வோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 8,00,000 மின்சாரக் கார்களின் விவரங்கள் தக்க காவலின்றிக் கிடந்தன. அவற்றுள் ஏறக்குறைய 4,60,000 கார்கள் நின்ற இடங்களும் அறியக்கூடியனவாயிருந்தன. சிலவற்றின் இடம் பத்துச் செண்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாய்க் குறிக்கப்பட்டிருந்தது. பெயர் இல்லாத விவரத்தால் யாது தீங்கு என வினவுவாருளர். ஒரு வண்டி இரவெல்லாம் எவ்வீட்டின் முன் நிற்கின்றது, பகலெல்லாம் எவ்வலுவலகத்தின் முன் நிற்கின்றது என்னும் இரண்டனை மட்டும் அறிந்தால், அதன் உரிமையாளர் யாவரென்பதை அறிதல் எத்துணை எளிது! அவர் எந்த வைத்தியரை நாடினார், எந்த ஆலயத்திற் பிரார்த்தித்தார் என்பனவும் அவ்வழியே வெளியாகுமன்றோ?

"உரிமையாளரே சம்மதித்தாரன்றோ?" என்பர் வண்டி செய்வோர். புதிய வண்டியில் ஏறியமர்ந்தவுடன் திரையில் நெடியதொரு நிபந்தனைப் பத்திரம் தோன்றுகின்றது. அதன் அடியிலுள்ள பொத்தானை அழுத்தினாலன்றிப் பல வசதிகள் கிட்டா. படியாது அழுத்துவோரே பலர். மொசில்லா நிறுவனத்தார் 2023-ஆம் ஆண்டில் 25 கார்ப் பெயர்களின் நிபந்தனைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்றேனும் அவர்களது சோதனையிற் தேறவில்லை. விவரங்களை விற்கக்கூடும் என்று 19 பெயர்களின் நிபந்தனைகள் வெளிப்படையாகவே கூறின.

ஆகவே, உணர்கருவியைக் குறைகூறுதல் பொருந்தாது. உயிர்காக்கும் கருவியும் உளவு கூறும் கருவியும் ஒன்றே. வேறுபாடு அதற்கு நாம் விதிக்கும் ஒழுங்கிலேயே உளது. ஈகால் அமைப்பை உறங்க வைக்கக் கூடுமாயின், ஏனையவற்றையும் வேண்டும்பொழுது மட்டும் பேச வைத்தல் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தகவற் சட்டம், வண்டி திரட்டும் விவரங்களை அதனை உபயோகிப்பவரே கேட்டுப்பெற உரிமையளித்துள்ளது. இது நற்றொடக்கமாகும்.

சட்டம் வருமளவும் நாம் வாளாவிருத்தல் தகாது. பொத்தானை அழுத்துமுன் நிபந்தனையைப் படித்தலும், வேண்டாத சேவைகளை நிறுத்திவைத்தலும், வண்டியை விற்கும்பொழுதும் வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்பொழுதும் கைப்பேசியினின்று அதிற் பதிந்த பெயர்களையும் எண்களையும் அழித்தலும் நம்மால் இயல்வனவே.

மனிதர் செய்யும் செயலெல்லாவற்றையும் சித்திரகுப்தன் ஏட்டில் எழுதுகின்றான் என்பது நம் நாட்டாரது பழைய நம்பிக்கை. அவ்வேட்டுக்கு அஞ்சினோர் உண்டு; எனினும் அதனைப் பணத்திற்கு விற்பான் எனச் சித்திரகுப்தன்மீது ஐயுற்றார் ஒருவருமிலர். நம் வண்டி எழுதும் ஏட்டைக் குறித்தும் நாம் அங்ஙனம் ஐயமின்றி இருக்கும் நாளே, அதனை நம் வண்டியென்று மெய்யாகவே சொல்லத்தக்க நாளாகும்.