கேம்பிரிட்ஜ் பூகர்ப்பக் காட்சிசாலையும் வயல்களில் வெட்டியெடுத்த பாஸ்பேட் கல்லும்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸெட்ஜ்விக் பூகர்ப்பக் காட்சிசாலைக்குச் செல்வோரிற் பெரும்பாலார் அங்குள்ள பெரிய எலும்புக்கூடுகளைக் காணவே செல்கின்றனர். இகுவானடான் என்னும் பண்டைக்காலத்துப் பெரும்பல்லியின் எலும்புக்கூட்டு வார்ப்பு ஒன்று அங்கே நிற்கிறது. அருகிலுள்ள பாரிங்டன் கிராமத்தின் சரளைக் குழியிலிருந்து எடுத்த நீர்யானையின் எலும்புக்கூடும் உண்டு. சுமார் 1,25,000 வருஷங்களுக்கு முன் அந்நாடு இப்போதுள்ள குளிரின்றி வெப்பமாயிருந்தது என்பதற்கு அது சான்று. இவற்றைப் பார்த்து வியந்தபின், கறுத்தும் பழுப்பு நிறமாயும் உருண்டையும் சப்பையுமாயுள்ள சிறு கற்களின் பக்கம் பலர் திரும்புவதேயில்லை. அழகற்ற அக்கற்களே விவசாயி நின்று கவனிக்கத் தக்கவை. ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜைச் சுற்றியிருந்த கிராமங்களில் விளையும் கோதுமையைக் காட்டிலும் நிலத்தின் கீழிருந்த அந்தக் கற்களே அதிகப் பணம் கொடுத்தன.

காட்சிசாலையின் வரலாறு ஒரு வைத்தியரிலிருந்து தொடங்குகிறது. ஜான் உட்வர்டு என்னும் அவர் சுமார் 35 வருஷகாலம் கற்களையும், மண்வகைகளையும், கல்லாய்ப்போன சிப்பி, எலும்பு முதலியவற்றையும் சேகரித்து, எங்கே கிடைத்தது, எவர் கொடுத்தார் என்ற குறிப்புடன் வால்நட் மரப் பெட்டகங்களில் வைத்தார். 1728ஆம் வருஷத்தில் அவர் காலமானபோது, இங்கிலாந்தில் கிடைத்த பொருள்களைச் சர்வகலாசாலைக்கு மரணசாசனத்தால் அளித்தார். மற்றவற்றுட் பலவற்றைச் சர்வகலாசாலை விலைக்கு வாங்கியது. ஐந்து பெட்டகங்களில் ஏறக்குறைய 10,000 பொருள்கள் இன்றும் அப்படியே உள்ளன. இவற்றைக் காத்து விரிவுரை செய்ய ஓர் ஆசிரியர் பதவியையும் அவர் ஏற்படுத்தினார். அவ்வாசிரியர் விவாகமாகாதவராயிருக்கவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. மனைவி மக்களின் கவலை படிப்பைக் கெடுக்கும் என்று அவர் எண்ணினார் போலும். பார்க்க விரும்பி வருவோருக்குக் கட்டணமின்றிக் காட்டவேண்டும் என்பது மற்றொன்று. விவாக நிபந்தனை எப்போதோ நீங்கிவிட்டது. கட்டணமின்றிக் காட்டும் வழக்கம் மட்டும் நீங்கவில்லை.

இப்பதவியை 1818 முதல் 1873 வரை வகித்தவர் ஆடம் ஸெட்ஜ்விக். மிகப் பழைய பாறைவரிசை ஒன்றுக்குக் கேம்பிரியன் என்று பெயரிட்டவர் இவரே. டார்வின் கப்பற்பிரயாணம் புறப்படுவதற்கு முன், 1831ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அவரை வேல்ஸ் நாட்டு மலைகளுக்கு அழைத்துச் சென்று பாறைகளை ஆராயும் முறையைக் கற்பித்தவரும் இவரே. டார்வின் அப்பிரயாணத்தில் சேகரித்த பாறைகள் பல இக்காட்சிசாலையில் உள்ளன. ஸெட்ஜ்விக்கின் ஞாபகார்த்தமாக எழுப்பிய இப்போதைய கட்டடத்தை 1904ஆம் வருஷத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்து வைத்தார். அங்குள்ள பொருள்களின் தொகை சுமார் 20 லட்சம் என்பர்.

உட்வர்டு கல் சேர்த்ததோடு நில்லாமல், பயிர் எதனால் வளர்கிறது என்பதையும் ஆராய்ந்தார். இது விவசாயிகள் அறியவேண்டியதொன்று. அக்காலத்துப் பண்டிதர்களிற் பலர் பயிருக்கு ஆகாரம் தண்ணீர் ஒன்றே என்றும், மண் அதைத் தாங்கி நிற்பது மட்டுமே என்றும் நம்பியிருந்தனர். உட்வர்டு புதினாச் செடிகளை எடைபோட்டுக் கண்ணாடிக் குப்பிகளில் வெவ்வேறு தண்ணீரில் வைத்து வளர்த்து, மீண்டும் எடைபோட்டார். மழைத் தண்ணீரில் வைத்த செடி 28¼ கிரெயினிலிருந்து 45¾ கிரெயினாயிற்று. குழாய்த் தண்ணீரில் தோட்டத்து மண்ணைக் கலந்து வைத்த செடி 92 கிரெயினிலிருந்து 376 கிரெயினாயிற்று. (ஒரு கிரெயின் என்பது குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி.) செடிகள் தொடக்கத்தில் ஒரே எடையாயில்லாமையால், கூடுதலை மட்டும் ஒப்பிடுவது சரியாகாது, மடங்கைப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தாலும், முன்னது ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேலும், பின்னது நான்கு மடங்கிற்கு மேலும் ஆயின. தண்ணீரிலன்றி மண்ணிலுள்ள ஏதோ ஒரு பொருளே பயிரை வளர்க்கிறது என்று 1699ஆம் வருஷத்தில் அவர் வெளியிட்டார். அப்பொருள் ஒன்றன்று, பல என்பதும், காற்றும் தண்ணீரும்கூடப் பயிரின் உடலாகின்றன என்பதும் பிற்காலத்தில்தான் விளங்கின. எனினும், மண்ணிலுள்ள அப்பொருள்களுள் முக்கியமான பாஸ்பரஸ், அவருடைய பெட்டகங்களைக் காத்துவந்த அதே ஊரைச் சுற்றிலும் பூமிக்குள் கிடந்தது.

கேம்பிரிட்ஜின் தரைக்கடியில் கால்ட் என்னும் கடினமான நீலநிறக் களிமண்ணும், அதன்மேல் சீமைச்சுண்ணாம்புப் பாறையும் உள்ளன. இரண்டிற்கும் நடுவே, பெரும்பாலும் ஓரடிக்கு மேற்படாத மெல்லிய படையொன்று பச்சைநிறத் துகள் கலந்து கிடக்கிறது. சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அவ்விடம் கடலாயிருந்தது. கடற்பிராணிகளின் உடலிலும் கழிவிலுமிருந்த பாஸ்பேட் அடித்தரைச் சேற்றில் கட்டிகட்டியாக உறைந்து, சிப்பிகளிலும் எலும்புகளிலும் ஊறிக் கல்லாயிற்று. பின்னர் கடல்நீரோட்டம் மெல்லிய களிமண்ணை அரித்துக்கொண்டு போக, கனமான இக்கட்டிகள் ஒரே படையாகத் தங்கின. நெல்லை முறத்திலிட்டுப் புடைக்கும்போது பதர் பறந்து மணி தங்குவது போன்றதே இதுவும்.

இக்கட்டிகளுக்கு ஜனங்கள் இட்ட பெயர் கோப்ரோலைட், அதாவது சாணக்கல். உண்மையிற் கல்லாய்ப்போன சாணத்திற்கு 1829ஆம் வருஷத்தில் பக்லண்டு என்னும் ஆசிரியர் இட்ட பெயர் அது. கேம்பிரிட்ஜ் கற்களிற் பெரும்பாலானவை சாணமல்ல, பெயர்மட்டும் நிலைத்துவிட்டது. அவற்றுடன் சுருள்வடிவமான அம்மோனைட் என்னும் சிப்பிகளும் வந்தன. நம் வீடுகளில் பூஜையில் வைக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமங்களிற் காணும் சக்கரம் அவ்வினத்துப் பிராணியின் அச்சே. ஆயின் அவை கேம்பிரிட்ஜ் கற்களைக் காட்டிலும் காலத்தால் முந்தியவை.

இக்கல்லை எருவாக்கலாம் என்பது இருவருடைய முயற்சியால் தெரியவந்தது. ராதம்ஸ்டெட் பண்ணையின் உரிமையாளரான ஜான் பென்னெட் லாஸ், எலும்பையும் பாஸ்பேட் கல்லையும் கந்தகத் திராவகத்தில் கரைத்து ஸூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு 1842ஆம் வருஷத்தில் தனியுரிமை பெற்றார். மறுவருஷம், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் தாவரநூல் போதித்துவந்த ஹென்ஸ்லோ, ஸபக் பிரதேசத்துக் கடற்கரையான பீலிக்ஸ்டோவில் இத்தகைய கட்டிகளைக் கண்டு, அவற்றில் பாஸ்பேட் மிகுந்திருப்பதை அறிவித்தார். கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள கற்களையும் எருவுக்கு உபயோகிக்கலாம் என்பதை 1845ஆம் வருஷத்தில் எடுத்துரைத்தார். அவர் ஒரு கிராமத்துப் பாதிரியாராயும் இருந்து, தம்மைச் சுற்றியிருந்த குடியானவர்களுக்கு எருவைப்பற்றி ஓயாது எழுதியும் பேசியும் வந்தவர்.

அதன்பின் நடந்தது ஒரு பெரிய வேட்டை. 1850-களிலிருந்து சுமார் 40 வருஷகாலம் பாரிங்டன், பர்வெல், டிரம்பிங்டன் முதலிய கிராமங்களில் வயல்கள் அகழப்பட்டன. முதலில் மேல்மண்ணை வெட்டித் தனியே குவித்தனர். பிறகு நீண்ட பள்ளம் தோண்டி, கற்படையை எடுத்தபின், அடுத்த பள்ளத்து மண்ணை முந்தின பள்ளத்திற் போட்டு நிரப்பிக்கொண்டே சென்றனர். கற்களை வட்டமான தொட்டியிலிட்டுத் தண்ணீர் பாய்ச்சி, செக்கில் மாடு சுற்றுவதைப்போலக் குதிரையைச் சுற்றவிட்டுக் கலக்கிக் களிமண்ணைக் கழுவினர்.

நிலச்சுவான்தாருக்குக் கிடைத்ததென்ன? 1870-களில் எழுதிய ஒரு கணக்கின்படி, ஏக்கருக்குச் சராசரி 300 டன் கல்; டன்னுக்கு 50 ஷில்லிங் விலை. ஆக ஏக்கருக்கு 750 பவுன் பெறுமான சரக்கு. வெட்டும் உரிமைக்கு நிலச்சொந்தக்காரருக்குக் கொடுத்தது ஏக்கருக்குச் சுமார் 140 பவுன். மொத்தத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. அதுவும் ஒரே தடவை. எனினும் குத்தகையில் வேறொரு ஷரத்தும் இருந்தது: இரண்டு வருஷத்திற்குள் நிலத்தைச் சமன்செய்து, மேல்மண்ணை மேலேயே பரப்பித் திருப்பிக்கொடுக்கவேண்டும். 140 பவுனைக் காட்டிலும் இதுவே பெறுமதியானது என்று சொல்லவேண்டும். இந்த ஷரத்து நிறைவேறிய வயல்களில் மீண்டும் உழவு நடந்தது. நம் நாட்டில் செங்கல் சூளைக்கும் சாலைக்கும் மண்ணெடுக்க நிலத்தை விடுவோர் தொகையைப்பற்றி நெடுநேரம் பேரம் பேசுகிறார்கள். மேல்மண் ஓரடியை எங்கே குவிப்பது, எவர் திரும்பப் பரப்புவது என்பது பத்திரத்தில் ஒரு வரியும் இராது. பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் கருவேல் முளைத்தபின் கிராம உத்தியோகஸ்தரிடம் முறையிடுவதால் ஆவதொன்றுமில்லை.

கல் வெட்டிய கூலிகள் கட்டிகளுக்கிடையே எலும்பு கண்டால் எடுத்து வைத்து, சேகரிப்போரிடம் விற்றனர். ஸெட்ஜ்விக்கின் உதவியாளராயிருந்த ஹாரி ஸீலி இவ்வாறு வந்த சிற்றெலும்புகளைக்கொண்டே பண்டைக்காலத்துப் பறக்கும் பல்லிகளைப்பற்றி 1870ஆம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். காட்சிசாலையின் அப்பகுதிப் பொருள்களிற் பல இவ்வழியாகவே வந்தவை. கூலிகள் எடுத்து வைத்திராவிடில் அவையும் அரைபட்டுக் கோதுமை வயலுக்கே போயிருக்கும்.

தொழில் வீழ்ந்தது. அமெரிக்கா முதலிய தேசங்களிலிருந்து மலிவான பாஸ்பேட் வந்திறங்கியது; அதே சமயம் இங்கிலாந்தின் விவசாயமும் க்ஷீணித்தது. ஆழம் செல்லச் செல்ல வெட்டுகூலியும் கூடியது. 20 அடிக்குக் கீழ் கட்டிவராது. முதல் உலக யுத்தகாலத்தில் கப்பல் வரத்துக் குறைந்தபோது சிறிதுகாலம் மீண்டும் வெட்டினர். அத்துடன் முடிந்தது.

இக்கதையில் தமிழ்நாட்டிற்கும் ஒரு பங்குண்டு. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஊட்டத்தூர் முதலிய ஊர்களிலும், பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை முதலிய இடங்களிலும் உள்ள களிமண்படைகள் ஏறக்குறைய கேம்பிரிட்ஜ் படைகளின் காலத்தவையே. அங்கும் அக்காலத்திற் கடலே இருந்தது. பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த பிளான்போர்டு அப்படைகளை ஆராய்ந்து ஊட்டத்தூரின் பெயரையே அவற்றிற்கு இட்டார். அங்கும் அம்மோனைட் கிடைக்கிறது. பாஸ்பேட் கட்டிகளும் கிடைக்கின்றன. 200 அடி ஆழம்வரை 80 லட்சம் டன் இருக்கலாம் என்று 1890-களில் டாக்டர் வார்த் மதிப்பிட்டார். இத்தொகையைக் கேட்டு மயங்கியவர் பலர். ஆயின் கேம்பிரிட்ஜில் கட்டிகள் ஒரே மெல்லிய படையில் கூடிக் கிடந்தன. இங்கே களிமண் முழுவதிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வண்டிக் கல்லுக்கு எத்தனையோ வண்டி மண்ணைப் புரட்டவேண்டும். அன்றியும் இரும்பும் அலுமினியமும் கலந்திருப்பதால், திராவகத்திற் கரைத்துச் செய்யும் எரு நாளடைவில் மீண்டும் கரையாத நிலைக்கே திரும்புகிறது.

கல்லை அரைத்து அப்படியே தூவினால் என்ன என்று கேட்கலாம். விடை மண்ணைப் பொறுத்தது. புளிப்புத்தன்மையுள்ள மலைநாட்டு மண்ணில், அதாவது நீலகிரி முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில், பாஸ்பேட் கல்தூள் மெல்லக் கரைந்து பயன்படும். சுண்ணாம்புள்ள கரிசலிலும், உவர் கண்ட நிலத்திலும் அது கரையாது. இட்ட தூள் பல வருஷம் கல்லாகவே கிடக்கும். சுண்ணாம்புக் கரிசல் மிகுந்த பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி, தம் ஊர்க் கல்தானே என்று அதைப் பொடித்துச் சோளத்திற்கும் பருத்திக்கும் இடுவாராயின் கூலியும் வண்டிச்சத்தமும் வீணே. ஒரு டன் நெல் களத்தைவிட்டுப் போகும்போது சுமார் 2 முதல் 3 கிலோ பாஸ்பரஸ் அதனுடன் போகிறது. அதை ஈடுசெய்யக் கரையும் எருவே வேண்டும். கடையில் பாஸ்பேட் எருவென்று மூட்டையைக் காட்டினால், மொத்தப் பாஸ்பேட் எத்தனை சதவிகிதம் என்று கேட்பது போதாது. நீரிற் கரைவது எத்தனை சதவிகிதம் என்று மூட்டைமேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கவேண்டும். கல்தூளில் முன்னது அதிகமாயிருக்கும், பின்னது இராது.

கிணறு வெட்டும்போதோ ஓடைக்கரை சரியும்போதோ இத்தகைய கட்டிகளும் சுருட்சிப்பிகளும் அகப்பட்டால், கிடைத்த சர்வே நம்பரையும் எத்தனை அடி ஆழம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லுடன் கட்டி, அருகிலுள்ள கல்லூரியின் பூகர்ப்பப் பகுதிக்கோ பூகர்ப்ப இலாகாவிற்கோ அனுப்புவது நலம். உட்வர்டின் பெட்டகங்களிலுள்ள கற்கள் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஆராய்ச்சிக்கு உதவுவது அச்சீட்டுக்களாலேயே.