வியர்வை பயத்தின் அடையாளம் அல்ல

எங்கள் தீவகத்தில் வியர்ப்பது புதினமான விடயம் அல்ல. சித்திரை வெயிலில் தோட்டத்தில் நிற்பவருக்கும், பண்ணைப் பாலத்தைக் கடக்கும் நெரிசல் பஸ்ஸில் நிற்பவருக்கும் ஒரே மாதிரித்தான் சட்டை நனையும். ஆனால் மார்கழிக் குளிரிலும், மின்விசிறிக்குக் கீழே சும்மா இருக்கும்போதும் இரண்டு கமக்கட்டும் ஊறி, சட்டையில் வட்டமாக ஈரம் தெரிந்தால் அது வெயிலின் வேலை இல்லை. மருத்துவத்தில் இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ், அதாவது மிகை வியர்வை, என்று பெயர்.

எனக்கு இது 14 வயதில் தொடங்கியது. பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையில் அம்மா எவ்வளவு உரஞ்சியும் அந்த மஞ்சள் கறை போகவில்லை. சரவணையில் இருந்து பட்டப்படிப்புக்குப் போய்வந்த காலத்தில் கறுப்புச் சட்டையும், கையை உயர்த்தாமல் பேசும் பழக்கமும் என்னோடு ஒட்டிக்கொண்டன. சோதனைச் சாவடி வரிசையில் அடையாள அட்டையை நீட்டும்போது, “ஏன் பயம்?” என்ற கேள்வி அரைகுறைத் தமிழில் வந்த நாட்களும் உண்டு. எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் வியர்வைகூட ஒருவருக்கு எதிரான சாட்சியாக இருந்தது. அதனால்தான் இதைப் பற்றி வைத்தியரிடம் போய்ச் சொல்வதற்குக்கூட எங்களுக்கு வாய் வருவதில்லை.

மற்ற இடங்களிலும் கூச்சம் இருக்கிறது. 2004 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அந்நாட்டுச் சனத்தொகையில் 2.8 சதவீதத்தினருக்கு மிகை வியர்வை இருப்பதாகக் கணித்தது. அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அது அக்குளில் இருந்தது. வைத்தியரிடம் அதைப் பற்றிப் பேசியவர்கள் 38 சதவீதம் மட்டுமே.

உடலுக்குள் நடப்பது என்ன?

எங்கள் தோலில் 20 இலட்சத்துக்கும் அதிகமான வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றை இயக்குவது நாங்கள் நினைத்து அடக்க முடியாத பரிவு நரம்புகள். நரம்பு நுனியில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிவர, சுரப்பி திறக்கும். மிகை வியர்வை உள்ளவருக்குச் சுரப்பியில் பழுது கிடையாது. நரம்பு கொடுக்கும் கட்டளைதான் தேவைக்கு மிஞ்சி வருகிறது. அழுக்கோ, குளிக்காததோ இதற்குக் காரணம் அல்ல. வியர்வைக்குத் தனியே பெரிய மணமும் இல்லை. தோலில் வாழும் பக்ரீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் மணம் வருகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நித்திரையில் வியர்வை நிற்கிறதா? சிறு வயதில் அல்லது 25 வயதுக்கு முன் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து, நித்திரையில் நின்றுவிடும் வியர்வை பெரும்பாலும் வேறு நோயால் வருவதில்லை. குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருக்கலாம்.

நடுவயதில் புதிதாகத் தொடங்கினால், உடல் முழுவதும் வியர்த்தால், இரவில் படுக்கை நனைந்தால், காரணம் தேட வேண்டும். தைரொயிட் அதிகமாகச் சுரப்பது, நீரிழிவு மருந்து எடுப்பவருக்குச் சீனி திடீரென்று இறங்குவது, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் என்பன பொதுவான காரணங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமலும் மெலிவும் இரவு வியர்வையும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். நெஞ்சு நோவோடு வியர்த்தாலும், பூச்சிநாசினி தெளித்த பின் வியர்த்து எச்சில் ஊறிக் கண் மங்கினாலும் நேரம் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

போரைக் கடந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கனவில் ஷெல் சத்தம் கேட்டு, நனைந்த உடலோடு திடுக்கிட்டு எழும்புபவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அது மனவடுவின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு உளநலச் சிகிச்சைதான் வழி. அந்தச் சிகிச்சையில் கொடுக்கப்படும் புளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு வியர்வையைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

சிகிச்சை படிப்படியாக

வெளிநாட்டில் இருந்து வரும் பார்சலில் வாசனை ஸ்பிரே ஒன்று கட்டாயம் இருக்கும். டியோடரன்ட் மணத்தை மட்டும் மறைக்கும். வியர்வையைக் குறைப்பது அலுமினிய உப்புக் கலந்த அன்ரிபேர்ஸ்பிரன்ட். அதில் வலுவானது 20 சதவீத அலுமினியம் குளோரைட் கரைசல். சுரப்பியின் வாயை அது தற்காலிகமாக அடைக்கிறது.

இதைப் பூசும் முறைதான் முக்கியம். இரவு படுக்கப் போகும்போது, நன்றாக உலர்ந்த தோலில் பூசி, காலையில் கழுவ வேண்டும். ஈரத்தில் பூசினால் எரியும். முடி வழித்த அன்று பூசக்கூடாது. சில நாட்கள் தொடர்ந்து பூசி, வியர்வை குறைந்ததும் கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை போதும். தோல் சிவந்தால் சில நாள் நிறுத்தலாம். வைத்தியர் மென்மையான ஹைட்ரோகோர்ட்டிசோன் களிம்பு தருவார். இது மார்புப் புற்றுநோயைத் தரும் என்ற கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே பாவிக்க வேண்டும்.

அது போதாவிட்டால் அடுத்தது பொட்டுலினம் ஊசி. நரம்பில் இருந்து அசற்றைல்கோலின் வெளிவருவதை அது தடுக்கிறது. கடுமையான அக்குள் வியர்வைக்கு அமெரிக்கா இதை 2004 இல் அனுமதித்தது. பலருக்குப் பலன் அரை வருடமளவில் நிற்கும். பிறகு மீண்டும் போட வேண்டும், விலையும் அதிகம்.

ஒக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவை உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும், வாய் வரளும். எங்கள் வெயிலில் தோட்டத்திலும் கடலிலும் வேலை செய்பவருக்கு உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறலாம் என்பதை மறக்கக்கூடாது. நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சை கடைசித் தெரிவு. அதன் பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கூடுவது அடிக்கடி நடக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. தளர்வான பருத்திச் சட்டை, மாற்றுச் சட்டை ஒன்று, கைக்கிடையில் வைத்துத் தைத்த துணிப்பட்டை. இவை வியர்வையை நிறுத்தாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் தைரியத்தைத் தரும்.

தீவகத்தில் இருப்பவர்கள் முதலில் வேலணை பிரதேச வைத்தியசாலையில் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் சிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் பெறலாம். போகும்போது நான்கு விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வயதில் தொடங்கியது, நித்திரையில் வருகிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், இதனால் எந்த வேலையைத் தவிர்க்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிகிச்சை எந்தப் படியில் தொடங்க வேண்டும் என்பதை வைத்தியர் பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.