எலுமிச்சைச் சாயாவும் நீல ஆறும்

ஆறு கடலில் சேரும் பொழிக்கரையில், சாயாக்கடையில் நேற்று காலை ஒரு வீடியோ கைமாறிக்கொண்டிருந்தது. மேகாலயாவில் லுக்கா என்றோர் ஆறு. பாறைகளுக்கு நடுவே, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றியதுபோல ஓடுகிறது. கரமடி இழுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய அண்ணன் ஒருவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னா அழகு சாரே! நம்ம நெய்யாத்துப் பொழியில இப்பிடி வெள்ளம் கெடந்தா மீனு ஒவ்வொண்ணா எண்ணலாமே."

"எண்ண முடியாது அண்ணே. அதுல மீனே இல்ல."

போனைக் கீழே வைத்துவிட்டார். அங்கே ஆரம்பித்த பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது.

என் முன்னால் கட்டன் சாயா இருந்தது. கடைக்காரரிடம் பாதி எலுமிச்சை வாங்கி நாலு சொட்டுப் பிழிந்தேன். கடுஞ்சிவப்பாக இருந்த சாயா, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேன் நிறத்துக்கு வெளுத்தது. இன்னொரு கிளாஸில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அது கறுத்துப் போனது. (குடிக்க முடியவில்லை, காசு கொடுத்தேன்.) புளிப்பும் காரமும் இப்படித்தான் நிறத்தில் தெரியும். அதை அளக்கும் எண்தான் பி.எச். ஏழு நடுநிலை, கீழே இறங்க இறங்கப் புளிப்பு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஏழிலிருந்து நாலுக்கு இறங்கிய ஆற்றில் புளிப்பு மூன்று மடங்கு கூடியிருக்கிறது என்று நினைக்கக் கூடாது, ஆயிரம் மடங்கு.

லுக்காவுக்குப் புளிப்பு எங்கிருந்து வந்தது? கிழக்கு ஜெயந்தியா மலைகளில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கே குடைந்த எலிவளைச் சுரங்கங்கள் ஏராளம். அங்குள்ள நிலக்கரியில் கந்தகம் அதிகம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம், மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை சாது. தோண்டிக் காற்றும் மழைநீரும் பட்டதும் கந்தக அமிலமாகிறது, பேட்டரியில் ஊற்றுகிற அதே அமிலம். அது பாறையிலுள்ள இரும்பு, அலுமினியம், மாங்கனீஸ் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. சுரங்கம் நடக்கும்போதாவது யாராவது நீரை இறைப்பார்கள். கைவிட்டுப் போனபின் குழி நிரம்பித் தானே வழிகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. தடை உத்தரவு மனிதர்களுக்குத்தான். பைரைட்டுக்கு அது எட்டாது.

இது எங்கோ வடகிழக்கு விஷயம் என்று அண்ணன் நினைத்துவிடக் கூடாதே என்று கேரளத்துக் குட்டநாட்டைச் சொன்னேன். அங்கே கரிநிலம் என்று ஒரு வகை வயல். அடியில் இதே பைரைட். வயல் காய்ந்து காற்றுப் பட்டால் மண்ணின் பி.எச். மூன்று வரைக்கும்கூட இறங்கும். விவசாயிகள் தண்ணீர் பாய்ச்சிப் புளிப்பைக் கழுவிவிட்டு, கக்கா என்ற சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைத் தூவுவார்கள். "நீற்றுக்கக்காவா? அது தெரியும்," என்றார் அண்ணன். முகம் தெளிந்தது.

லுக்காவின் நீலத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்றும் சுண்ணாம்புக் கதைதான். அந்த மலைகளில் சுண்ணாம்புப் பாறை நிறைய. சிமெண்ட் ஆலைகளும் உண்டு, பழி யார்மேல் என்ற வாதமும் உண்டு. புளித்த நீர் சுண்ணாம்பு நீரைச் சந்திக்கும்போது, கரைந்திருந்த அலுமினியம் பால் திரிவதுபோலத் திரிந்து நுண்துகளாக மிதக்கிறது. அதில் ஒளி சிதறி நீலம் தெரிகிறது. அந்தத் துகள் மீனின் செவுளில் படிந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்.

"செரி, சுத்தம் பண்ணிர வேண்டியதுதானே?"

"எந்த அளவுக்கு?"

"குடிக்கிற அளவுக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?"

எல்லாரும் சொல்கிற பதில். நானும் ஒரு காலத்தில் அதையே சொன்னேன். ஆனால் துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்க நீரில் பல இடங்களில் வருகிற உலோகம். நம் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 15 வரை. அமெரிக்காவில் மீன்களுக்கென்று வைத்திருக்கும் வரம்போ, நடுத்தரக் கடினத்தன்மையுள்ள நீரில், 0.12 மில்லிகிராம். நாம் குடிக்கலாம் என்பதில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு! நமக்கு அது வயிற்றுக்குப் போகிறது, உடம்புக்குக் கொஞ்சம் தேவையும்கூட. மீனோ இருபத்துநாலு மணி நேரமும் அதைச் செவுளால் சுவாசிக்கிறது. ஆர்செனிக்கில் கதை தலைகீழ். நமக்கு 0.01க்கு மேல் ஆகாது. மீன்களுக்கான வரம்பு அதைப்போல் பதினைந்து மடங்கு.

ஆக, 'சுத்தம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருக்கு, எதற்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எண் அப்புறம்தான் வரும். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆறுகளை அப்படித்தான் பயன்பாட்டை வைத்து 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. கிருமி மட்டும் நீக்கிக் குடிப்பதற்கு ஏ, குளிப்பதற்கு பி, முழுதாகச் சுத்திகரித்துக் குடிப்பதற்கு சி, மீனுக்கும் காட்டுயிர்க்கும் டி, பாசனத்துக்கு இ. நல்ல யோசனை. ஆனால் பட்டியலைக் கிட்டத்தில் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அது கேட்பதெல்லாம் பி.எச்., கரைந்த ஆக்சிஜன், சாக்கடைக் கழிவின் அளவு, மலக்கிருமிகளின் எண்ணிக்கை, அம்மோனியா, உப்பு, போரான். இரும்பு, துத்தநாகம், செம்பு, அலுமினியம் எதுவும் இல்லை. மனிதக் கழிவு கலந்த ஆறுகளை மனதில் வைத்துப் போட்ட பட்டியல். அமிலத்தில் செத்துப்போன ஆற்றில் கிருமியும் பிழைக்காது, அழுகவும் அதிகம் இருக்காது. பி.எச். ஒன்றைத் தவிர மற்றதிலெல்லாம் அது நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

பி.எச்.சைச் சுண்ணாம்பு போட்டு 6.5க்கு ஏற்றிவிட்டால்? தேர்ச்சி! ஆனால் ஒவ்வோர் உலோகமும் ஒவ்வொரு படியில்தான் கரைசலை விட்டு இறங்கும். துருவாகும் இரும்பு மூன்றைத் தாண்டியதும் படியும், அலுமினியம் ஐந்தை ஒட்டி. துத்தநாகமும் மாங்கனீஸும் எட்டு, ஒன்பது, அதற்கும் மேல் கேட்கும். 6.5இல் நிற்கிற ஆற்றில் அவை இரண்டும் அப்படியே போய்க்கொண்டிருக்கலாம்.

அண்ணன் குறுக்கே வந்தார். "மழைக்காலத்துல எல்லாம் அடிச்சிட்டுப் போயிரும்லா? பொழி மணல் முறிஞ்சா நம்ம அழுக்கு கடலுக்குப் போற மாதிரி."

நல்ல கேள்வி, பாதி சரி. ஒரு கரண்டிச் சீனி கிளாஸில் வேறு, குடத்தில் வேறு. லுக்கா நீலமாவது நீர் குறைந்த குளிர்காலத்தில்தான். பெருமழையில் நிறம் போய்விடும், ஆனால் வருகிற உலோகத்தின் மொத்த எடை கூடுதலாகவே இருக்கலாம். அதைவிட மோசம் முதல் மழை. கோடையில் கழிவு மேடுகளில் உப்புப் பூத்ததுபோல் காய்ந்து நிற்பதெல்லாம் ஒரே நாளில் கரைந்து இறங்கும். ஆண்டுச் சராசரி பார்த்து இலக்கு வைத்தால் அந்த ஒரு நாள் கணக்கில் காணாமல் போகும், மீனும் அந்த ஒரு நாளில்தான் சாகும்.

இலக்கு வைப்பதைப் பொறுமையாகச் செய்தவர்கள் என்று அமெரிக்காவின் கொலராடோவில் அனிமாஸ் ஆற்றுக்காரர்களைச் சொல்வேன். 1994இல் ஊர்க்காரர்கள், சுரங்கக்காரர்கள், அரசு அலுவலர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதில் மீன் திரும்ப வழியுண்டு, எதில் இல்லை என்று ஆராய்ந்து 2001இல் அறிக்கை கொடுத்தார்கள். அதன் கிளை ஓடைகளில் சில, மனிதன் கடப்பாரை எடுப்பதற்கு முன்பே புளித்தவை. கரையில் இரும்புத்துரு இறுகிக் கல்லான அடுக்குகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழையவை. அப்படிப்பட்ட ஓடைக்கு மீன் வளர்ப்பை இலக்காக வைத்தால் பணம்தான் கரையும். அதற்காக இந்த வாதத்தைக் கம்பெனிக்காரர் கையில் கொடுத்துவிடவும் கூடாது. 'எங்க ஆறு பிறவியிலேயே இப்படித்தான்' என்று எல்லா ஆற்றுக்கும் சொல்லிவிடுவார்கள். பழைய கல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும், வாயைப் பார்த்து அல்ல.

அத்தனை கவனமாக இருந்த ஆற்றிலேயே 2015 ஆகஸ்ட் 5 அன்று, கோல்டு கிங் என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் வாயைச் சரிசெய்யப்போன அரசு ஒப்பந்தக்காரர்கள் அடைப்பை உடைத்துவிட்டார்கள். சுமார் 1.1 கோடி லிட்டர் ஆரஞ்சு நீர் ஆற்றில் இறங்கியது.

"இத்தனையும் பாத்துச் செஞ்சா எத்தன வருசத்துல தீரும்?"

தீராது என்பதுதான் உண்மை. பைரைட் தீரும்வரை அமிலம் வரும், நூற்றாண்டுகள் ஆகலாம். சுண்ணாம்புக்கல்லை ஓடையில் கொட்டினால் கொஞ்ச நாளில் அதன்மேல் துரு பூசி வேலை செய்யாமல் போகும். கிளறி, மாற்றி, சேற்றை அள்ள ஆள் வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஜனவரியில் மேகாலயா அரசு 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தொகையைச் சுற்றுச்சூழலைச் சீராக்கவே செலவிட வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அண்ணன் ஆப்பசோடா போட்ட கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கக்கா வாங்கவே அந்தக் காசு எத்தன வருசம் வரும் சாரே?" என்றார்.