மிதித்தால் நகரும் ஊர்

இருட்டறை ஒன்றில் பெரிய திரை. அதன் முன்னால், இடம்விட்டு அசையாதபடி நிறுத்திய ஒரு சைக்கிள். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தால் திரையில் ஓர் ஊர் நம்மை நோக்கி வரத் தொடங்கும். அதில் தெருக்களும் முச்சந்திகளும் உண்டு, கட்டடங்கள் மட்டும் கிடையாது. கட்டடம் நிற்கவேண்டிய இடத்தில் மாடி உயரத்துக்கு எழுத்துகள் நிற்கின்றன. தெருவோடு போனால் அவை சொல்லாகி, வாக்கியமாகி நீள்கின்றன.

‘தி லெஜிபிள் சிட்டி’ என்ற இந்தக் கலைப்படைப்பை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜெஃப்ரி ஷா. எழுத்தாளர் டர்க் க்ரூனவெல்ட் அவரோடு சேர்ந்து உழைத்தார், மென்பொருளை எழுதியவர் கிடியன் மே. 1989-இல் மன்ஹாட்டன், 1990-இல் ஆம்ஸ்டர்டாம், 1991-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ என மூன்று நகரங்கள் இதற்குள் வந்தன. மூன்றுமே அந்தந்த ஊரின் உண்மையான தெரு வரைபடத்தின் மேல் எழுப்பப்பட்டவை.

இயங்கும் விதம் எளிமையானது. பெடல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற இரண்டு செய்திகள் மட்டும் கணினிக்குப் போகின்றன. அவற்றைக் கொண்டு, ஓட்டுபவர் இந்த நொடியில் எங்கே இருக்கிறார், அங்கிருந்து பார்த்தால் எந்த எழுத்து எந்தக் கோணத்தில் தெரியும் என்று கணக்கிட்டு, கணினி அந்தக் காட்சியைப் புதிதாக வரைகிறது. இதை இடைவிடாமல் திரும்பத் திரும்பச் செய்வதால் நமக்கு நகர்வதாகத் தோன்றுகிறது. ஹேண்டில்பாருக்கு மேலே உள்ள சிறு திரையில் ஊரின் வரைபடமும் நாம் இருக்கும் இடமும் தெரியும்.

இதற்குப் பத்தாண்டு முன்பே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு முயற்சி நடந்தது. ஆஸ்பென் என்ற மலையூரின் தெருக்களை, காரின் மேல் கேமராக்களைப் பொருத்திப் படம்பிடித்து, அந்தப் படங்களை லேசர் தட்டில் சேமித்தார்கள். பார்ப்பவர் திரையைத் தொட்டு இடமோ வலமோ திரும்பலாம். ஆனால் கார் போன பாதையில் மட்டும்தான் அவரும் போக முடியும். ஷாவின் ஊரில் காட்சிகள் முன்கூட்டி எடுத்தவை அல்ல, அப்போதைக்கப்போது பிறப்பவை. அதனால் தெருவை விட்டு விலகி எழுத்துகளுக்குள்ளேயே ஊடுருவியும் போகலாம்.

மன்ஹாட்டனில் எட்டுக் கதைகள் ஓடுகின்றன. நியூயார்க் மேயராக இருந்த கோச், கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட், டாக்சி ஓட்டுநர் ஒருவர், அன்று கட்டடத் தொழிலதிபராக மட்டும் அறியப்பட்ட டொனால்ட் டிரம்ப் ஆகியோர் பேசுவதுபோல் கற்பனையாக எழுதியவை இவற்றில் அடக்கம். ஒவ்வொரு கதைக்கும் ஒரு நிறம். ஒரே நிறத்தைப் பின்தொடர்ந்தால் ஒருவர் கதையைப் படிக்கலாம். முச்சந்தியில் சட்டென்று திரும்பினால் மேயரின் பேச்சு அறுந்து டாக்சிக்காரரின் பேச்சு நடுவிலிருந்து தொடங்கும். வழி தேர்வதும் வாசிப்பதும் இங்கே ஒரே செயல்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆம்ஸ்டர்டாம்தான். அங்கே எழுத்துகள் அந்தந்த இடத்தில் உண்மையாக நிற்கும் வீட்டின் அளவுக்கே அமைந்தவை. வாசகங்களும் பெரும்பாலும் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்தவை. பெரிய மனிதர்களின் வரலாறு அல்ல, அந்தத் தெருக்களில் நடந்த அன்றாடச் சங்கதிகள்.

வேகத்துக்கு இங்கே தனி வேலை உண்டு. விரட்டி மிதித்தால் எழுத்துகள் வெறும் வண்ணச் சுவர்களாகப் பாய்ந்து மறையும், ஊர் கிடைக்கும், கதை கிடைக்காது. மெல்ல ஓட்டினால் வாசகம் பிடிபடும். கால் நின்றால் வாக்கியமும் நின்றுவிடும். வீடியோ விளையாட்டில் வேகத்துக்கு விரல் நுனி போதும். இங்கே தொடை வலிக்க வேண்டும். அந்த வலிதான் திரைக்குள் இருக்கும் தூரத்தை நம்ப வைக்கிறது என்பேன்.

1995-இல் கனடாவின் சார் டேவிஸ் இதற்கு நேர்எதிர்த் திசையில் போனார். அவருடைய ‘ஆஸ்மோஸ்’ படைப்பில் பெடலும் இல்லை, கையில் கருவியும் இல்லை. தலையில் திரைக்கவசம், மார்பில் மூச்சை அளக்கும் பட்டை. மூச்சை இழுத்தால் மேலே எழும்பலாம், விட்டால் கீழே இறங்கலாம், உடலைச் சாய்த்தால் அந்தப் பக்கம் மிதந்து போகலாம். டேவிஸ் ஆழ்கடலில் நீந்திப் பழகியவர், இந்த முறை அங்கிருந்து வந்தது. அவசரப்படுபவருக்கு இதில் வழியே கிடையாது.

கண் நகர்வதாகச் சொல்ல, உள்காது நகரவில்லை என்று மறுக்கும்போதுதான் மெய்நிகர் உலகில் பலருக்குத் தலைசுற்றுகிறது. இன்றைய கருவிகள் படத்தின் துல்லியத்தைக் கூட்டுவதில் காட்டும் அக்கறையை, உடல் எப்படி நகர்கிறது என்பதில் காட்டுவதில்லை. ஷாவும் டேவிஸும் தொடங்கியதே உடலிலிருந்து. அந்த வகையில் இந்தப் பழைய படைப்புகள் இன்றைய பல கருவிகளைவிட முன்னே நிற்கின்றன.

1998-இல் ஷா இதன் அடுத்த வடிவத்தைக் கொண்டுவந்தார். வெவ்வேறு இடங்களில் சைக்கிள் மிதிப்பவர்கள் அதே எழுத்து நகரத்தில் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசிக்கொள்ள முடிந்தது. மூலப்படைப்பு கார்ல்ஸ்ரூவில் உள்ள இசட்.கே.எம். ஊடகக்கலை மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஏறி ஓட்டும் வாய்ப்பு கிடைத்தால் முதலில் ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள், வழி தவறுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.